கண்டக்டர் ‘ரைட்’ சொல்லும்வரை

உத்திரமேரூரில் மூச்சு விட வேண்டுமென்றால் ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டும். நான் மிகைப்படுத்தவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், பதினெட்டுப் பேர் அவர் குரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். அவர் யோகா ஆசிரியர் அல்ல. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

பெயர் ஏதோ இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. மானாம்பதி வழியில் முப்பது வருஷம் நின்றுகொண்டே பயணம் செய்தவர். முழங்கால் வலிக்காக யோகாவில் சேர்ந்தார். மூன்றாம் நாளே வகுப்பைப் பஸ்ஸாக மாற்றிவிட்டார்.

தரையில் சாக்பீஸால் பதினெட்டுக் கட்டங்கள். இடது பக்கம் பெண்கள். செருப்புகள் வாசலில் ஜோடி ஜோடியாக, வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். உடம்பின் எந்தப் பாகத்திலிருந்தும் சத்தம் வரக் கூடாது. முழங்கால் மூட்டுக்கு மட்டும் விலக்கு. அடுத்தவர் பாயை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் அவசரத்தில் நான்கு பாய்களை மிதித்துவிட்டு, நான்கையும் ஒற்றிக்கொண்டு தன் கட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சூரிய நமஸ்காரம் முடிந்துவிட்டது.

விதியை மீறினால் ஒரே தண்டனை: “எறங்கு.” பாயைச் சுருட்டிக்கொண்டு அன்றைக்கு வெளியே போக வேண்டியதுதான். ரைஸ் மில்காரரின் செல்போன் தியானத்தின் நடுவில் பக்திப் பாட்டு பாடியபோது அவர், “சாமி பாட்டுதானேய்யா” என்று சமாளித்துப் பார்த்தார்.

“சாமியா இருந்தாலும் சத்தம் போட்டா எறங்கிக்கினு போவணும்” என்றார் கண்டக்டர். மில்காரர் இறங்கினார்.

டீச்சர் இருபத்தைந்து வயதுப் பெண். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், “சார், யோகான்னா மனசு லேசாவணும். நீங்க எல்லாரையும் பயமுறுத்திக்கினு இருக்கீங்க” என்றார்.

“நான் இன்னா பயமுறுத்தறேன் டீச்சரம்மா? அவனவன் எடத்துல அவனவன் இருந்தாதான் மனசு லேசாவும். நெரிசல்ல தொங்கிக்கினு போறவன் எவனுக்காவது ஞானம் வந்துகீதா?”

டீச்சர் அடுத்த ஆசனத்துக்குப் போய்விட்டார்.

மூச்சுப் பயிற்சி முழுக்க அவர் கைக்குப் போனது இப்படித்தான். டீச்சர் “மூச்சை நிறுத்துங்க” என்றால், பழக்கதோஷத்தில் இவர் “ஓல்டான்!” என்பார். “விடுங்க” என்றால், “ரைட், போலாம்!” என்பார். நாளடைவில் டீச்சரின் குரல் எங்கள் காதில் விழுவதே நின்றுபோயிற்று. ஒருநாள் ‘ஓல்டான்’ சொன்ன கையோடு, வாசலில் ஒரு நாய் அவர் அடுக்கிய செருப்பில் ஒன்றைக் கவ்வுவதைப் பார்த்து அதன் பின்னால் ஓடிவிட்டார். டீச்சர் “விடுங்க, விடுங்க” என்று கத்துகிறார். ஒருவரும் விடவில்லை. மில்காரரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கண்டக்டர் செருப்போடு திரும்பி வந்து “ரைட்!” என்ற பிறகுதான் கூடத்தில் காற்று அடித்தது.

“இன்னாய்யா நீ, சாவடிக்கப் பாக்கறியா?” என்று மில்காரர் மூச்சிரைக்கக் கேட்டார்.

“ரைட் குடுக்காம வண்டி நவுரல பாரு, அதான் ஒழுங்கு” என்றார் கண்டக்டர் பெருமையாக.

இந்த வண்டியில்தான் சரோஜா ஏறினார். பட்டுத் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனவர். உடற்பயிற்சி செய்து பாருங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “இந்த வயசுல சர்க்கஸ் ஆடப் போறியா?” என்று வீட்டில் கிண்டல். முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரும் சிரிக்க மாட்டாங்களே டீச்சர்? ஒரு தபா சிரிச்சாங்கன்னா நான் அப்பறம் வர மாட்டேன்.”

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், “நீ உள்ள வாம்மா. சிரிக்கறவன நான் எறக்கி வுடறேன்” என்றார்.

நான்காம் நாள் பவனமுக்தாசனம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து அணைக்க வேண்டும். வயிற்றில் தங்கிய வாயுவை விடுவிக்கும் என்று டீச்சர் விளக்கினார். விளக்கம் சரியானது என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது. சின்னச் சத்தம்தான். ஆனால் சாப்பாட்டுக் கூடம் நன்றாக எதிரொலிக்கும்.

மில்காரரின் தோள் குலுங்கத் தொடங்கியது. கிளார்க் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தின் எல்லையில் இருந்த எனக்கு, சரோஜா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் பாயின் ஓரத்தைச் சுருட்டுவது தெரிந்தது. அது சுருண்டு முடிந்தால் மறுபடி விரியாது.

கண்டக்டர் எழுந்து நின்றார்.

“இன்னாய்யா சிரிப்பு? நான்தான். ராத்திரி மொச்சக்கொட்ட கொழம்பு.”

மில்காரர் விடவில்லை. “சத்தம் லேடீஸ் சைடுலேந்துல்ல வந்துது?”

“முன்னாடி ஏறனது பின்னாடிதான் எறங்கும். எந்த சைடுன்னு உனுக்கு இன்னாத்துக்கு கணக்கு?”

கூடமே வெடித்துச் சிரித்தது. சரோஜாவும் சிரித்தார், முதலில் பயந்துகொண்டு, பிறகு முதுகு வலிக்க வலிக்க. கண்டக்டர் சிரிக்கவில்லை. “சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். நானே எறங்கிக்கறேன்” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு, யார் பாயையும் மிதிக்காமல் வெளியே போனார்.

ஒரு வாரம் ஊர் அவரை விடவில்லை. டீக்கடையில் “கண்டக்டரே, மொச்ச இருக்குது, வேணுமா?” என்பார்கள். “ரெண்டு பிளேட்டா குடு” என்பார். அந்த வாரத்திலேயே அவர் மனைவியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். பத்திரிகையில் வேலை பார்த்தவன் எதையும் இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது வழக்கம். கேட்டேன்.

“மொச்சயா? அவுருக்கு ஒத்துக்காது சார். எங்க வூட்ல அத வாங்கியே பல வருஷம் ஆவுது.”

செய்தி உறுதியானது. நான் வெளியிடவில்லை. இங்கேகூட சரோஜாவின் பெயரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் மறுநாளும் வந்தார், இன்னும் வருகிறார். ஆபரேஷன் பேச்சை டாக்டர் எடுப்பதில்லை.

இப்போதெல்லாம் சவாசனத்தில் கண்ணை மூடும் முன், கண்டக்டர் தன் கட்டத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். இருந்தால், உடம்பு தானாகவே தளர்ந்துவிடுகிறது.