தழும்பு சிரிக்கும்

எலும்பு ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு நீளமான கூடம். அதன் வாசலில் காலை எட்டு மணிக்கே முழங்கால்கள் வரிசை கட்டி நின்றன. கட்டுப் போட்ட முழங்கால், பட்டை மாட்டிய முழங்கால், ஊன்றுகோலோடு வந்த முழங்கால், சக்கர நாற்காலியில் வந்த முழங்கால். முழங்காலுக்கு மேலே ஆட்களும் இருந்தார்கள். தலையை மட்டும் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

உள்ளே வீற்றிருந்தவருக்கு முட்டி ஞானி என்று பெயர். நாடி பார்ப்பவர், ரேகை பார்ப்பவர், முகம் பார்ப்பவர் எல்லாம் பழங்கதை. இவர் முழங்காலில் காதை வைத்துக் கேட்பவர். கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்... அப்படியா?" என்பார். முட்டி ஏதோ சொல்லும். பிறகு நிமிர்ந்து, வரப்போவதையெல்லாம் வரிசையாகச் சொல்வார்.

சொன்னதெல்லாம் நடந்தது! அதுதான் விசேஷம். ஒருவரிடம், "மூணு நாள்ல கணுக்கால் நீலமாகும், பயப்படாதே" என்றார். நீலமானது. ஒரு டீச்சரிடம், "தையலுக்குப் பக்கத்துல தோல் மரத்துப்போகும்" என்றார். மரத்துப்போனது. டாக்டருக்கே தெரியாதது இவருக்குத் தெரிகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. டாக்டரிடம் கேட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

முக்காலமும் உணர்ந்த ஞானம்தான். ஆனாலும் ஆபரேஷன் நடந்த தேதியை மட்டும் வாசலில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வரிசையில் ஒரு நாள் பெயிண்டரும் நின்றார். பக்கத்தில் அவருடைய அக்கா.

பெயிண்டருக்கு இருபது வருட ஏணி அனுபவம். மூன்று மாடிச் சுவரில் தொங்கி அடித்தபோதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வீட்டு வரவேற்பறையில், கடைசிப் படியிலிருந்து இறங்கும்போது கால் பெயிண்ட் வாளிக்குள் போனது. உடம்பு திரும்பியது; முட்டி திரும்பவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். தசைநார் அறுந்துவிட்டது என்று சொல்லி, தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாரை எடுத்து டாக்டர் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவர் கையில் நான்கு பக்கத் தாள் ஒன்றைத் திணித்தார். 'முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின்: எதை எதிர்பார்க்கலாம்?' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பெயிண்டர் அதை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசையின் கால் அன்றைக்கே குணமாகிவிட்டது.

அவர் காலுக்குத்தான் வேறு வைத்தியம் தேவைப்பட்டது. எட்டாம் நாள் அக்கா வந்து, "டேய் தம்பி, எந்திரி. ஞானி ஐயாகிட்ட காட்டிட்டு வந்துரலாம். கைமேல் பலன்டா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஞானி காது வைத்தார். கேட்டார். நெகிழ்ந்தார். "இன்னும் ஆறு நாள்ல தையல் பிரியும். சாயங்காலம் ஆனா வீக்கம் ஏறும். படுத்துக் காலைத் தூக்கி வெச்சா இறங்கும்."

பிறகு ஒரு செம்பு வளையத்தை எடுத்து முட்டிக்கு மேலே பூட்டினார். இரண்டு அறைக்குப் பெயிண்ட் அடித்தால் வரும் கூலி அந்த வளையத்துக்குள் போயிற்று. நிபந்தனை ஒன்றுதான்: காலை மடக்கக் கூடாது. மடக்கினால் வளையம் நழுவும். வளையம் நழுவினால் பலன் நழுவும். "மடக்குறது உன் வேலை இல்ல. வளையம் மடக்கும்."

பெயிண்டருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு நோயாளிகள் வைத்த பெயர் மடக்கம்மா. 'மடக்குங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று சொல்லிச் சொல்லியே உயிரை வாங்குவார். அழ வைக்கும் பயிற்சி ஒரு பக்கம், படுத்தே கிடக்கச் சொல்லும் ஞானம் ஒரு பக்கம். மனுஷன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

பெயிண்டரின் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கல்யாணப் பத்திரிகை முதல் மருந்துச்சீட்டு வரை அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கொம்போ காலோ போக முடியாது. "அந்த ஆள் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரி தாள்லயே இருக்குங்க. எங்க அச்சகத்துலதான் அடிச்சோம்" என்று முதல் நாளே சொன்னாள்.

"தாள் எல்லாருக்கும் பொது. ஐயா என் முட்டிகிட்ட தனியா கேட்டாரு" என்றார் பெயிண்டர்.

இருபதாம் நாள் டாக்டரிடம் காட்டப் போனபோது மடக்கம்மா கோணம் அளக்கும் கருவியை முட்டியில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"நாப்பதுதான் மடங்குது. முழுசா நீட்டவும் வரலை. வீட்ல பயிற்சி பண்றீங்களா இல்லையா?"

பெயிண்டர் கூரையைப் பார்த்தார்.

"இன்னும் மூணு வாரம் இப்படியே போச்சுன்னா திரும்ப மயக்கம் குடுத்து டாக்டர்தான் மடக்கி விடணும். அப்பவும் பழைய மாதிரி வரும்னு சொல்ல முடியாது. ஏணியை மறந்துட வேண்டியதுதான்."

ஏணி இல்லாத பெயிண்டர் யார்? முழங்கால் உயரத்துக்குச் சுவர் அடிக்கிறவனை எவன் கூப்பிடுவான்? வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னார். அக்கா அப்படியே சாலையைக் கடக்க வைத்து, கூடத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

ஞானி நெடுநேரம் காது வைத்திருந்தார். "உன் முட்டி நல்ல முட்டி. வீட்ல யாரோ சந்தேகப்படறாங்க. அந்தச் சந்தேகம்தான் மூட்டுல போய் அடைச்சுக்கிட்டு நிக்குது."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"கவலை வேண்டாம். நாலாவது வாரம் தழும்பு சிரிக்கும். சிரிச்ச அன்னைக்கு முட்டி தானா மடங்கும்."

அக்காவுக்குப் புல்லரித்தது. "எப்படிப்பட்ட வாக்குடா! தழும்பு சிரிக்குமாம்!"

அன்று வீட்டில் பெயிண்டர் சட்டமாக உட்கார்ந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். சந்தேகம் என்ற இடத்தில் மனைவியைக் குத்திக் காட்டினார். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கும் என்ற இடம் வந்ததும் அவள் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லுங்க."

"தழும்பு சிரிக்கும்."

"அரிக்கும்னு சொல்லலையே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"அரிக்கும்னு சொல்ல அவரு என்ன சாதாரண ஆளா? சிரிக்கும்னாரு. உனக்கெல்லாம் அது புரியாது."

அவள் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவினாள். மேசை மறுபடி ஆடியது. இரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். 'நான்காம் வாரம்: தழும்பு சிரிக்கும். சொறியக் கூடாது.'

"இது என் தப்புங்க. 'அரிக்கும்'னு வர வேண்டியது. நான் காய்ச்சல்ல இருந்தப்ப பார்த்த புரூஃப். ஆயிரம் தாள் அடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது. முதலாளி வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. இந்த உலகத்துலயே தழும்பு சிரிக்கும்னு சொல்ற இடம் இது ஒண்ணுதான். உங்க ஞானி என் பிழையைக்கூட விடாம ஒப்பிச்சிருக்காரு."

பெயிண்டர் தாளைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாத வேகத்தில் ஒரு பதில் கிடைத்தது.

"அப்ப ஆஸ்பத்திரிக்காரன்தான் ஞானியைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கான்!"

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கணவனின் மடங்காத காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சரி. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். என் நல்ல முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு வர்றேன். முட்டி பேசும்னா என் முட்டி உண்மையைச் சொல்லட்டும். அவரு கண்டுபிடிச்சுட்டா நானும் வளையம் மாட்டிக்கிறேன். கண்டுபிடிக்கலேன்னா நீங்க மடக்கம்மாகிட்ட போகணும். உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது."

பெயிண்டர் ஒத்துக்கொண்டார். ஞானி இவளை ஒரே நொடியில் பிடித்துவிடுவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனைவிக்கு வளையம் எந்த அளவு வரும் என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்பது முழங்கால்கள். அக்கா முன் வரிசையில். பெயிண்டர் அவளுக்குப் பக்கத்தில், காலை நீட்டி, வியர்த்துப்போய். மனைவி நொண்டிக்கொண்டே வந்தாள். இரவல் ஊன்றுகோல், முட்டியில் தலையணை மாதிரி ஒரு கட்டு, கையில் சீட்டு: வலது கால், ஆபரேஷன் ஆகி இருபத்தொரு நாள். 'அய்யோ, இவளுக்கு எப்ப...' என்று அக்கா எழப் போனாள். பெயிண்டர் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஞானி சீட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். கட்டின் மேல் காதை வைத்தார்.

'சொல்லு, சொல்லு' என்று பெயிண்டரின் மனம் அடித்துக்கொண்டது. 'இது பொய்க் கட்டுன்னு சொல்லு ஐயா!'

"உள்ளே புது நார் அழுவுதும்மா" என்றார் ஞானி.

பெயிண்டர் தன் வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

"சீக்கிரமே கண்ணீர் நிக்கும். அடுத்த வாரம் தழும்பு சிரிக்கும்."

"எத்தனை தழும்பு ஐயா?"

"மூணு. ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம்."

அவள் ஊன்றுகோலைக் கீழே வைத்தாள். கட்டைப் பிரித்தாள். துணி வந்தது, பஞ்சு வந்தது, கடைசியில் முட்டி வந்தது. அதில் ஒரு கொசுக்கடி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"தழும்பே இல்லையே ஐயா. எது சிரிக்கும்?"

ஞானியின் நெற்றியில் ஒரு துளி வியர்வை. அது மூக்குக்கு வருவதற்குள் அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"பார்த்தீங்களா! காது வெச்ச நொடியில தழும்பே மறைஞ்சுபோச்சு!"

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். ஒருவர் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கப் பார்த்து, பக்கத்திலிருந்தவர் மேல் விழுந்தார். அம்பலப்படுத்த வந்தவளை அற்புதமாக்கிவிட்டார்கள். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். நம்புகிறவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும்போது அதற்குக் கால் எதற்கு?

மனைவி தாளை எடுத்து உரக்கப் படித்தாள். கணுக்கால் நீலமாகும், தோல் மரத்துப்போகும், வீக்கம் சாயங்காலம் ஏறும். "எல்லாரும் உங்க பையில தேடிப் பாருங்க. இதே தாள் இருக்கும்." கைப்பையிலிருந்தும் மாத்திரைப் பொட்டலத்திலிருந்தும் தாள்கள் வெளியே வந்தன. ஒருவர் அதில் செருப்பைச் சுற்றி வைத்திருந்தார். கூடம் முணுமுணுவென்று படிக்க ஆரம்பித்தது.

"எனக்கு 'அரிக்கும்'னு போட்டிருக்கே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அது திருத்தின பதிப்பு. ஐயா பழைய பதிப்பு" என்றாள் அவள்.

இங்குமங்கும் சிரிப்பு. ஞானி சளைக்கவில்லை. "சந்தேகம்! சந்தேகம் உள்ள வந்துருச்சு! வளையம் போட்டவங்க எல்லாம் ஜாக்கிரதை!"

அப்போது பெயிண்டர் எழுந்தார். ஊன்றுகோலை ஊன்றி மெதுவாக முன்னால் போய், ஞானிக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டினார்.

"ஐயா, நான் உங்களை நம்புறவன். வளையம் பூட்டின நாள்லேருந்து ஒரு தடவைகூட மடக்கலை. எனக்கு இது நாலாவது வாரம். என் முட்டி இப்ப எவ்வளவு மடங்கும்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அது போதும்."

ஞானி காதை வைத்தார். கண் மூடியிருந்தது; இமைக்குள் மட்டும் விழி இடமும் வலமும் போனது, படிப்பவருக்குப் போவதுபோல.

"தொண்ணூறு."

'நான்காம் வாரம்: முழங்கால் தொண்ணூறு பாகை வரை மடங்கும்' என்று கூடமே தாளைப் பார்த்துப் படித்தது.

பெயிண்டர் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு மடக்கினார். பல்லைக் கடித்தார். கால் பாதி வழிகூடப் போகாமல் துருப்பிடித்த கதவு மாதிரி நின்றது. இன்னொரு தடவை முயன்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியை அவரால் தாங்க முடிந்தது. கூலியைக் கொட்டிக் கொடுத்து, படுத்துக் கிடந்து, தன் காலைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வளையம் மாட்டிய மற்றவர்களும் மடக்கிப் பார்த்தார்கள். கூடம் முழுக்க, "ஆ! அம்மா! அய்யோ!" ஒன்றும் அசையவில்லை. ஒரு கணம் கழித்துக் கோபம் வந்தது. பிடிக்கத்தான் ஆள் இல்லை: நாற்பது பேரில் ஓடக்கூடிய முட்டி ஒருவருக்கும் கிடையாது. ஞானி அதை உணர்ந்து வாசலை நோக்கி ஒரே பாய்ச்சல் பாய்ந்தார். அப்படிப் பாயும் முழங்காலை அங்கே யாரும் பல வாரங்களாகப் பார்த்ததில்லை.

வாசலில் அக்கா நின்றாள். வாசலின் அகலம் முழுக்க நின்றாள்.

"என் தம்பி காலை மடக்கிட்டுப் போ."

"வழி விடும்மா..."

"மடக்கிட்டுப் போ!"

சத்தம் கேட்டு எதிரே ஆஸ்பத்திரிக் காவலாளி வந்தார். எட்டிப் பார்த்தவர் வாயைப் பிளந்தார். "அடேய், நீ எங்க வண்டி நிறுத்துற இடத்துல டோக்கன் கிழிச்சவன்தானே? கீழே கிடக்கிற தாளெல்லாம் பொறுக்கிக்கிட்டே இருப்பியே, பழைய பேப்பருக்குப் போடறேன்னு நினைச்சேன்!"

போலீஸ் வரும்வரை அக்கா நகரவில்லை.

மறுநாளே பெயிண்டர் மடக்கம்மாவிடம் போனார். மடக்கம்மா திட்டவில்லை, அதற்குப் பதிலாக மடக்கினார். அந்தத் தெருவுக்கே பெயிண்டரின் குரல் கேட்டது. நாற்பது ஐம்பதானது, ஐம்பது அறுபத்தைந்தானது. ஆறாம் வாரக் கடைசியில் தொண்ணூறு. மயக்க ஊசி தப்பியது. ஏணிக்கு ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள், ஒன்பதும் பொறுத்தார். அக்கா தினமும் வந்து, மடக்குவதை எண்ணினாள். பத்து என்று எண்ண வேண்டிய இடத்தில் பன்னிரண்டு எண்ணினாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஞானி பிடிபட்ட ஒரே வாரத்தில் அச்சக வாசலில் ஒரு வரிசை நின்றது. கையில் பழத்தட்டோடு ஒரு முதலாளி, மகளோடு ஒரு தாய், கூடத்தில் கைதட்டிய அதே ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

"ஞானியையே ஜெயிச்ச அம்மா நீங்கதானே? எங்க பையனுக்கு எப்ப வேலை கிடைக்கும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அவள் சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லத் தெரியும். கையில குடுக்கிற தாளைப் படிங்க. படிச்சதையும் அப்படியே நம்பிடாதீங்க, கேள்வி கேளுங்க. அடிக்கிறது நாங்கதான், தப்பு வரும். உங்க தலைக்குள்ள இருக்கறதைத் திருத்துறதுக்கு மட்டும் எந்த அச்சகத்துலயும் ஆள் வைக்கலை. அது உங்க வேலை."

வரிசையில் முதலாவதாக நின்றவர் பயபக்தியோடு கேட்டார்: "இதை எத்தனை தடவை சொல்லணும்மா? காலையிலயா, சாயங்காலமா?"