டிக்கெட் தர மாட்டேன் என்ற அக்கா

சிங்கப்பூரில் என்ன, உலகத்திலேயே டிக்கெட் விற்கிற வேலையில் இருந்துகொண்டு டிக்கெட் தர மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் டிக்கெட் அக்காதான்.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் நேராக வேலைக்கு வந்துவிடுவார். வேலை, சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்திலிருந்த பழைய ஃபயர் ஸ்டேஷனில். எண்பதுகளில் தீயணைப்பு வண்டிகள் வேறிடம் போய்விட, கட்டடத்தைக் கலை மையமாக்கியிருந்தார்கள். வண்டிகள் நின்ற கூடத்தில் நாற்காலி போட்டு நாடகம். வாசலை ஒட்டிய சின்ன அறையில் அக்கா.

வந்தவர்களை அக்கா விசாரிக்காமல் விடமாட்டார்.

“யாரு சொல்லி வந்தீங்க?”

“வீட்டுக்காரம்மாதான் பாக்கணும்னாங்க.”

“அப்ப அவங்க மட்டும் உள்ள போகட்டும். நீங்க தேக்கா மார்க்கெட்டுல போயி நல்லா ஆத்தின தே தாரிக் ஒண்ணு குடிச்சிட்டு ஆறு மணிக்கு வாங்க.”

அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கண்ணால் பார்த்தேன்.

ஒருமுறை வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்தது. “பிளே வெரி சேட். ஆல்சோ வெரி லாங் லா,” என்றார் அக்கா. ஒரு தாளில் காளியம்மன் கோயிலுக்கும் டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்கும் வழி வரைந்து கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவர்களிடமிருந்து நன்றி சொல்லி ஒரு போஸ்ட்கார்டு வந்தது. அந்த ‘வெரி சேட்’ சோக நாடகத்தை எழுதியவன் நான்தான்.

பகலில் துறைமுகத்தில் கிளார்க், வார இறுதியில் நாடக ஆசிரியர் என்று திரிந்த காலம். என் நாடகம் எதையும் அக்கா ஒத்திகையிலேயே பார்த்துவிடுவார்.

“தம்பி, அந்த அப்பாக்காரரு ஏன் இவ்ளோ நேரம் சாவுறாரு? நெஞ்சுவலி வந்தவன் அரைமணி நேரமா பேசுவான்?”

மேலாளரான சீனரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “இந்தம்மா டிக்கெட் கொடுத்து உள்ளே போனவர்களில் ஒருவர்கூட பாதியில் எழுந்து போனதில்லையே,” என்றார். அதோடு என் புகார் முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிறு வந்தது. எங்கள் நாடகக் குழுவுக்கு ஒத்திகை அறையைத் தொடர்ந்து தரலாமா என்று முடிவு செய்ய மூன்று அதிகாரிகள் நாடகம் பார்க்க வருகிறார்கள். கூடம் காலியாக இருந்தால் அறை போச்சு.

“அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் யாரு கேட்டாலும் குடுத்துடுங்க.”

“பாக்கலாம்.”

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலு மணி நாடகத்துக்கு மூன்றரைக்கு உள்ளே இருந்தது பதினாலு பேர், அதிகாரிகளையும் சேர்த்து. வாசலுக்கு ஓடினேன். நனைந்த சட்டையோடு ஒரு பெரியவர் டிக்கெட் ஜன்னல் முன்னால் நிற்க, அக்கா வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “இது என்ன உங்க வீடா? வர்றவங்கள விரட்டுறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?” என்று கத்திவிட்டேன்.

அக்கா எழுந்து வெளியே வந்து, என்னைத் தனியாக இழுத்துப்போனார். “அவரு சம்சாரம் தவறி பதினோரு நாள்தான் ஆவுது. வீட்டுல இருக்க முடியாம வந்திருக்காரு. உங்க நாடகம் தொறக்குறதே சாவு வீட்டுல. அதுக்குள்ளயா அவர அனுப்பச் சொல்றீங்க?”

அக்கா பெரியவரைத் தன் அறையில் உட்காரவைத்தார். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா திரும்பினார். பின்னால் கிட்டத்தட்ட அறுபது பேர். மழைக்குக் கடை வாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்றவர்கள், மார்க்கெட் பையும் பிள்ளைகுட்டியுமாக. அக்கா அவர்களிடம் என்ன சொன்னார் என்று பிற்பாடு அதில் ஒருவர் சொன்னார்: “மழை இப்ப விடாது. எங்ககிட்ட நாற்காலி இருக்கு, ஃபேன் இருக்கு. நாடகம் சுமாருதான். ஆனா எழுதின பையன் நல்லவன்.”

யாரும் எழுந்து போகவில்லை. அறை எங்களுக்கே கிடைத்தது.

நாடகம் முடிந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா என்னைப் பேசவிடவில்லை. பெரியவரையும் என்னையும் தேக்காவில் ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் பெரியவரிடம், “இவருதான் நாடகம் எழுதினவரு. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. நீங்க முந்திக்கிடுங்க,” என்றார்.

பெரியவர் சிரித்தார். பிறகு தன் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அக்கா அவ்வப்போது ஒரு கேள்வி கேட்டார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா ஓய்வு பெறும்வரை, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் அவரோடு அந்தக் கோப்பிக் கடைக்குத்தான்; நான் வேறெங்கும் போனதில்லை.