புளுகுணி மாமா சொன்ன மணிக்கூண்டு

என் புளுகுணி மாமாவுக்கு,

தங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகமாக இருக்கிறேன். தாங்களும் அங்கு சுகமாக இருக்கிறீர்களா என்று இந்த இடத்தில் கேட்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். செத்துப் போனவருக்கு எழுதும்போது அந்த வரியை விட்டுவிடலாமா என்று அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சொல்லித் தரவில்லை. ஆறாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பாங்களோ என்னமோ, நான்தான் போகலையே. அதனால எதுக்கும் கேட்டு வைக்கிறேன். சுகமா? இந்தத் 'தாங்கள்' எல்லாம் என் கைக்கு ஒத்துவரலை மாமா, பேனாவே கூச்சப்படுது. நீன்னே எழுதுறேன். எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காத. நீ மட்டும் என்ன, 'வீடு வாடகைக்கு'ன்னு சுவத்துல எழுதச் சொன்னா 'வீடு வாடைக்கு'ன்னு எழுதிட்டு வந்த பெயிண்டர்தானே. அந்த வீட்டுக்கு ஆறு மாசம் ஒருத்தரும் குடிவரலை.

நான் இப்போ எங்க இருக்கேன்னு சொல்லு பாப்போம். உன் மலையில இருக்கேன். ஆமா, அதே தேயிலை மலை. நம்ம வீட்டுக்கு யாரு வந்தாலும், நான் டீயை ஆத்தி அவங்க கையில குடுத்து முடிக்கறதுக்குள்ள, இந்தத் தூள் எந்த மலையில விளையுது தெரியுமான்னு ஆரம்பிப்பியே, அந்த மலை. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மழைக்காலம் பூரா அங்க இருந்ததாவும், துரை காலத்து மணிக்கூண்டுக்கு நீதான் பெயிண்ட் அடிச்சதாவும் சொல்லுவ. மணிக்கூண்டுக்கு நாலு முகமாம், நாலும் நாலு நேரம் காட்டுமாம். வேலைக்கு வர்றவங்க கண்ணுல படுற பக்கம் முன்னாடி ஓடும், வீட்டுக்குப் போறவங்க பாக்கிற பக்கம் பின்னாடி ஓடும், எல்லாம் துரையோட தந்திரம்னு சொல்லிட்டு, ஏதோ நீயே அந்தத் துரையைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி ஒரு பார்வை பாப்ப. அப்புறம் துரையோட நாய்க்கு ஆள் உயரத்துல கல்லறை, பக்கத்துலயே அவன் பொண்டாட்டிக்குச் சின்னதா ஒண்ணு. அப்புறம் பத்து பேர் படுத்துத் தூங்கற மாதிரி நிழல் தர்ற தேயிலை மரம். நீ சொல்லச் சொல்ல மணிக்கூண்டு வருஷத்துக்கு ஒரு மாடி வளந்துக்கிட்டே போச்சு. நானும் டம்ளரை எடுக்கிற சாக்குல சமையக்கட்டுக்குப் போய்ச் சிரிச்சிட்டு வருவேன்.

இப்போ எதுக்கு இங்க வந்தேன்னா, அதை உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ஆஸ்பத்திரியில நர்சம்மா வந்து வலி எப்படி இருக்குன்னு கேக்கும்போதெல்லாம் நான் உன் வாயையே பாத்துக்கிட்டு நிப்பேன். கடைசி தடவை நானே கேட்டேன். நீ என் கையைத் தட்டிட்டு, "வலிக்கலடி, கொஞ்சம்கூட வலிக்கல"ன்ன. அந்த ஒரு பேச்சைக் கட்டிக்கிட்டுத்தான் இவ்வளவு மாசம் ஓட்டினேன். பாவம் என்ன பாடுபட்டாரோன்னு யாரு வந்து மூக்கைச் சிந்தினாலும், இல்லைங்க, வலிக்கலன்னு அவரே சொன்னாருன்னு சொல்லி அனுப்புவேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. போன மாசம் உன் தங்கச்சி வந்தா, வாய் ஓயாம பேசறதால நாம ரேடியோன்னு கூப்பிடுவோமே, அவதான். டீ குடிச்சிக்கிட்டே, எங்கண்ணன் எந்த மலைக்கு அண்ணி போனான், அந்த மழைக்காலம் முழுக்கப் பக்கத்து ஊருல அத்தை வீட்டுல தின்னுட்டுக் குப்புறப் படுத்துக் கிடந்தான், அவன் வாயில வந்தது எது நெசம்னு சிரிக்கிறா. அவ சும்மா சிரிக்கத்தான் சொன்னா. நான் டம்ளரைக் கீழ வச்சுட்டேன். மணிக்கூண்டு பொய்யுன்னா, வலிக்கலன்னதும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், போய்ப் பாத்துட்டு வந்துடறதுன்னு. மணிக்கூண்டு இருந்தா அதுவும் நெசம். இல்லைன்னா இல்லை. கோணக் கணக்குதான், எனக்கு வந்த கணக்கு அவ்வளவுதான் மாமா. ரேடியோகிட்ட இதையெல்லாம் சொல்லலை. சும்மா ஊர் சுத்திப் பாக்கணும்னேன். அண்ணி வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தையான்னு அவளும் பெட்டியைக் கட்டிட்டா.

வந்த கதையைக் கேளு. ரயிலை விட்டு இறங்கி வேன் பிடிச்சோம். பேரம் பேசறதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க பேசாம உக்காருங்கன்னு ரேடியோ என்னைப் பின்னாடி தள்ளிட்டா. மலை ஏற ஆரம்பிச்சதும் முதல் வளைவுல டிரைவர் தம்பிக்கு வண்டி ஓட்டறது எப்படின்னு பாடம் எடுத்தா. ரெண்டாவது வளைவுல அவளுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதே மாதிரி வளைவுல உருண்டு போன கதையைச் சொன்னா. மூணாவதுல பேச்சு நின்னுடுச்சு. திரும்பிப் பாத்தா மூஞ்சி பச்சையா இருக்கு, நீ குளியலறைக்கு அடிப்பியே அந்தப் பச்சை. அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். டிரைவர் தம்பி ரொம்பப் பொறுமையானவரு, தண்ணி ஊத்திக் கழுவிட்டு, பரவால்லம்மா, இந்த வளைவுக்கே அதுதான் பேருன்னாரு. மிச்ச வழியெல்லாம் உன் தங்கச்சி வாயைத் துணியால பொத்திக்கிட்டு வந்தா. மலையில குருவிச் சத்தம் எவ்வளவு நல்லா இருக்கும்னு அப்போதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அறைக்கு வந்து சன்னலைத் திறந்து வச்சேன். கொஞ்ச நேரத்துல வெள்ளையா என்னமோ உள்ள வருது. ரேடியோ போர்வைக்குள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு, அண்ணி புகை, ஓடுங்கன்னு பையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படியில இறங்கிட்டா, காலுல செருப்புகூட இல்லை. கீழ இருந்த மேனேஜர் பதறிப்போய் மணல் வாளியோட ஓடி வந்தாரு. பாத்தா மேகம். வாளியைக் கீழ வச்சுட்டு, அம்மா, இதுக்குத்தான் சன்னல் பக்கம் இருக்கிற அறைக்கு வாடகை கூடுதலா வாங்கறோம்னாரு. மேகம் உள்ள வந்து ஈர பெயிண்டைக் கெடுத்துடும், ஒரே சுவத்தை மூணு தடவை அடிச்சேன்னு நீ சொன்னது நெஞ்சுல வந்து நின்னுச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா மேகம் எந்த மலையிலதான் வராது, அதைப் போகாமலேயே சொல்லலாமேன்னு அடுத்த நிமிஷமே மனசு குறுக்க வந்துச்சு. மணிக்கூண்டைப் பாக்காம எதையும் ஒத்துக்கறதா இல்லை.

மறுநாள் சுத்திக்காட்ட ஒருத்தர் வந்தாரு. கழுத்துல விசில், கையில குடை. அவருக்கு எதைப் பாத்தாலும் 'வரலாற்றுச் சிறப்புமிக்க'தான். வரலாற்றுச் சிறப்புமிக்க பாலம், வரலாற்றுச் சிறப்புமிக்க தபால் பெட்டி, கடைசியில ரேடியோ அவசரமாக் கேட்டதுக்கு வரலாற்றுச் சிறப்புமிக்க கழிப்பறையையும் காட்டினாரு. நாங்க அவருக்கு வரலாறுன்னே பேரு வச்சுட்டோம். ஒரு கட்டடத்தைக் காட்டி இதுக்குள்ள ஒரு காலமே உறங்குதுன்னாரு. நான் சும்மா நகத்தால சுவத்தைச் சுரண்டிப் பாத்தேன். உன்கூட இருந்த பழக்கம். அடியில ப்ரைமர்கூடப் பூசாம ஒரே கோட்டு பெயிண்ட், சிமெண்டு வாசனைகூடப் போகலை. காலம் இப்போதான் படுத்திருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டு வாயை மூடிட்டேன். முதல்ல தேயிலையை நட்ட துரை எங்க நட்டான்னு கேட்டதுக்கு, குடையை மலைக்கு அந்தாண்ட நீட்டி, அந்தப் பக்கம்னாரு.

தோட்டத்துக்குள்ள போற வழியில நின்னு, அட்டை இருக்கும்மா, பாத்துன்னாரு. ரேடியோ உடனே கைப்பையைத் திறந்து, எங்ககிட்டயும் இருக்குப்பா, குடும்ப அட்டை, அடையாள அட்டை எல்லாம் கொண்டாந்திருக்கோம், எதைக் காட்டணும்னு கேட்டா. அந்த மனுஷன் அவளையும் பாத்தாரு, அவ காலையும் பாத்தாரு, முன்னாடி நடந்தாரு. கொஞ்ச தூரம் போனதும் உன் தங்கச்சி போட்ட சத்தத்துல அந்தச் சரிவுல இலை கிள்ளிக்கிட்டு இருந்தவங்க அத்தனை பேரும் நிமிந்துட்டாங்க. கணுக்காலுல கறுப்பா, கொழுகொழுன்னு தொங்குது. ஒரு அம்மா கூடையை இறக்கி வச்சுட்டு வந்து, முந்தானை முடிச்சுல இருந்து உப்பை எடுத்து வச்சு அதை உதிர்த்து விட்டாங்க. விட்டுட்டு, "இனி ஊருக்குப் போனாலும் தழும்பு இருக்கும்மா, இதுதான் உங்க அடையாள அட்டை"ன்னாங்க. நீ போனதுக்கு அப்புறம் நான் அப்படிச் சிரிச்சதே இல்லை. சிரிச்சு முடிச்சதும், வீட்டுக்குப் போய் உன்கிட்ட சொல்லணும்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். அதான் இந்தக் கடிதாசி.

அந்த அம்மாகிட்டயே தேயிலை மரம் எங்க இருக்குன்னு கேட்டேன். சுத்திப் பாத்தா எல்லாம் என் இடுப்புக்குத்தான் நிக்குது, இதுக்கு அடியில பத்து கோழி படுக்கலாம். அவங்க சிரிச்சாங்க. வெட்டாம விட்டா மரமாகும், வெட்டாம இருக்க எங்களை யாரு விடுறான்னுட்டு கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நாய்க் கல்லறையைக் கேட்டேன். வரலாறு குடையைக் கன்னத்துல வச்சு யோசிச்சுட்டு, நாய் இருக்குதும்மா, எல்லாம் உயிரோட இருக்குன்னாரு.

அப்புறம்தான் கேட்டேன். கேக்கவே பயமா இருந்ததால கடைசிக்கு வச்சிருந்தேன். மலை உச்சியில ஒரு பெஞ்சு, அங்க நின்னா ஊரு பூரா தெரியுது. ஐயா, இங்க ஒரு மணிக்கூண்டு இருக்கணுமே, நாலு முகம் வச்சதுன்னேன். "மணிக்கூண்டா? இந்த ஊருல அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. எப்பவும் இருந்ததில்ல"ன்னாரு. மத்த எல்லாத்துக்கும் நீட்டி முழக்கின மனுஷன் இதுக்கு மட்டும் ரெண்டே பேச்சுல முடிச்சிட்டாரு. நான் பெஞ்சுல உக்காந்துட்டேன். கீழ அத்தனை பச்சை, எனக்கு ஒண்ணும் பிடிக்கலை. வாயைத் திறந்தா என்ன வருமோன்னு முந்தானையைக் கடிச்சுக்கிட்டேன். ரேடியோ என்னைப் பாத்தா. அவளுக்கு என்ன புரிஞ்சுதோ தெரியலை. பக்கத்துல வந்து உக்காந்து, இவருக்கு என்ன அண்ணி தெரியும், இவரே நேத்துப் பொறந்தவரு, அண்ணன் அடிச்ச மணிக்கூண்டை இடிச்சுட்டு இந்தப் பெஞ்சைப் போட்டிருப்பாங்கன்னா. எங்கண்ணன் மலைக்கே போகலைன்னு சொன்னவ அவதான் மாமா. ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் புளுகினா நான் எந்தப் புளுகைப் பிடிச்சுக்கறது.

இப்போ கிளம்பற நேரம். டிரைவர் தம்பி கீழ வந்துட்டாரு, பெட்டியெல்லாம் வண்டிக்குப் போயிடுச்சு. அதனால சுருக்கமாச் சொல்லிடறேன். நீ புளுகன். முப்பது வருஷமா என் டீயைக் குடிச்சிட்டு என் வீட்டுலயே உக்காந்து புளுகியிருக்க. இனிமே நம்ம வீட்டுக்கு யாராவது வந்து மணிக்கூண்டு கதையைக் கேட்டா, அது அத்தை வீட்டுக் கதைன்னு சொல்லப் போறேன். வலிக்கலன்னதையும் இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கே நான் சொல்லிக்க முடியலை. வேற என்ன எழுத. அங்க குளிருல நிக்காத. பெரியவங்களை எல்லாம் விசாரிச்சதாச் சொல்லு. உன்மேல கோவமா இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் பேச்சை நம்பிக் கெட்டவ

பி.கு: மேல எழுதினதை எல்லாம் அடிச்சிடு. நான் அடிக்கலாம்னா பேனாவுல மை கம்மியா இருக்கு. இதை ரயிலுக்குக் காத்திருக்கிற பெஞ்சுல இருந்து எழுதுறேன். மலை இறங்கும்போது டிரைவர் தம்பி, நேரம் இருக்கே, அப்படியே பழசையும் பாத்துட்டுப் போலாமான்னாரு. எந்தப் பழசுன்னேன். பழைய ஊரும்மா, மலைக்கு அந்தாண்ட, துரை காலத்து ஊரு, நாம தங்கினது புதுசா வந்த ஊருன்னாரு. எனக்குத் தலை சுத்துச்சு, வளைவுல இல்லை. ஏன் தம்பி முதல்லயே சொல்லலைன்னா, ஏறும்போதே கேட்டேனேம்மா, பழசா புதுசான்னு, இந்தம்மாதான் புதுசுன்னாங்கன்னு ரேடியோவைக் காட்டுறாரு. இவ என்ன சொல்றா தெரியுமா, நான் வண்டியைக் கேக்கறாருன்னு நினைச்சேன் அண்ணி, பழைய வண்டியில யாரு மலை ஏறுவாங்கங்கறா.

பாத்துட்டேன் மாமா. நாலு முகம், நாலு நேரம். கிழக்குப் பக்கம் முன்னாடி ஓடுது, மேற்குப் பக்கம் இன்னும் வீட்டுக்குப் போக விடலை. ஆனா நீ சொன்ன மாதிரி வானத்தைத் தொடலை, நம்ம தெருமுனை மாடி வீட்டு உயரம்தான். நாய்க் கல்லறையும் இருக்கு, என் முழங்காலுக்கு. துரை பொண்டாட்டி கல்லு அதைவிடக் கொஞ்சம் சின்னது, கொஞ்சமே கொஞ்சம். கத்தி படாம விட்ட தேயிலை ஒண்ணு மரமாவே நிக்குது, அடியில ரெண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். ரேடியோ மணிக்கூண்டையே சுத்திச் சுத்தி வந்தா. நானும் அங்க நின்னு யோசிச்சேன். நீ இல்லாததைச் சொன்ன ஆளு இல்லை, இருக்கறதை ஊதிப் பெருசாக்கின ஆளு. விரல்ல மரச்சிராய் ஏறினதுக்குக் கையையே எடுக்கணும்னு தெருவைக் கூட்டினவன். ஜலதோஷத்துக்கு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கடைசி ஆசை சொன்னவன். எதையும் பெருசாக்கத்தான் தெரியும் உனக்கு, குறைக்கத் தெரியவே தெரியாது. அப்போ வலிக்கலன்னா வலிக்கலதான்னு அந்த மரத்தடியிலயே முடிவு பண்ணிட்டு நிம்மதியா வண்டி ஏறினேன். ரயில் வர்ற சத்தம் கேக்குது, ரேடியோ பெட்டியை எடுங்கங்கறா, நிறுத்திக்கணும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு மாமா, எனக்காக அந்த ஒரே ஒரு தடவை குறைச்சுச் சொன்னியா?