இன்னும் ஒரு கால் சுற்று

இறுக்கட்டும். நன்றாக இறுக்கட்டும். சத்தம் போடுகிற டாப்பெட்டால் எந்த எஞ்சினும் செத்ததில்லை. வாயடைத்துப் போனதுதான் சாகும். இதை நான் சொல்லப் போவதில்லை.

விளக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியாத பாவனையோடு அவள் நினைத்துக்கொண்டாள். எதிரே அவள் கணவர், திறந்த எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார்.

கார் அவளுடையது. அவளைவிட இரண்டு வயது மூத்தது. ஞாயிறு காலைகளில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஏரிக்கரை வரை தனியாகப் போய் வருவாள். மற்ற நாளெல்லாம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அந்த முன்சீட்டுதான்.

காலையில் கணவர் பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "சாயங்காலம் ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றார். அந்த டிக்கு டிக்குச் சத்தம் இருக்கக் கூடாது. மானம் போயிடும்."

பார்க்க வருகிறவர் வேறு எதற்கு வருவார், வாங்கத்தானே? அவள் 'ஏன்' என்று கேட்கவில்லை. கேட்டுப் பழகாத வாய்.

எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே எட்டு ராக்கர்கள், சீசா பலகைகள் போல வரிசையாக நின்றன. ஒரு முனை மேலே போனால் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய அளவுத் தகடு ஒன்று நுழைகிற மாதிரி இடைவெளி வேண்டும்; டாப்பெட் பார்ப்பது என்பது இதைச் சரிசெய்வதுதான். சூடேறினால் இரும்பு விரியும். விரிய இடம் வேண்டாமா?

"இந்தச் சந்துதானே சத்தம் போடுது?" என்றார் கணவர்.

"ஆமாங்க." உண்மைதான்.

"அத இல்லாமப் பண்ணிட்டா?"

"சத்தமே இருக்காதுங்க." அதுவும் உண்மைதான்.

எட்டையும் இறுக்கினார். "எதுக்கும் இன்னும் ஒரு கால் சுத்து சுத்திடுங்க," என்றாள் அக்கறையாக.

மூடியைப் பூட்டி எஞ்சினைக் கிளப்பினார். பூனை நடப்பது போல அப்படி ஓர் அமைதி.

"பாத்தியா! இதுக்குப் போய் நீ நாள் முழுக்கக் குனிஞ்சு கிடப்பியே!"

சூடேற ஏற எஞ்சின் நடுங்கியது. இரண்டு முறை இருமியது. செத்தது.

அவள் காரின் பக்கவாட்டைத் தடவிக்கொடுத்தாள். பிள்ளையை வெளியூர் அனுப்ப மனமில்லாமல் தானே அதற்குக் காய்ச்சல் வரவழைக்கிற தாயும் உண்டா?

"ரொம்ப இறுக்கிட்டேனோ?"

"கொஞ்சம் தாராளமா விட்டுப் பாருங்களேன்."

தாராளம் அவர் பிறவிக் குணம். இந்த முறை ஒரு கூடைப் பாத்திரத்தை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல எஞ்சின் கத்தியது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன தம்பி, வீட்டைக் காலி பண்றீங்களா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எது கத்துதுன்னு மூடியைத் திறந்து வச்சு ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சிடும்!"

"என்னங்க, வேண்டாம்—" இந்த முறை அவள் மனதாரத்தான் சொன்னாள். அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டு எஞ்சினுக்கு மேல் குனிந்துவிட்டார்.

ராக்கர்கள் எண்ணெயை வாரி இறைத்தன. கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற அவருடைய வெளிர்நீலச் சட்டை ஒரே கணத்தில் கறுப்புப் புள்ளிச் சட்டையானது. பாய்ந்து போய் எஞ்சினை அணைத்தாள். அவர் கண்ணாடியை அவளே கழற்றித் துடைத்துக் கொடுத்தபோது, சிறுபிள்ளை மாதிரி விழித்தார். பாவமாக இருந்தது. ஆனாலும் கார் போய்விடுமே.

அப்போது கேட் திறந்தது. தடித்த மனிதர் ஒருவர் வந்து எஞ்சினைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

இத்தனை வருஷத்தில் வராத தைரியம் அவளுக்கு வந்தது. "மன்னிச்சிடுங்க. வண்டி விக்கிறதுக்கில்ல. இதுக்கு இல்லாத வியாதி இல்ல. நீங்க வேற எடம் பாருங்க."

"விக்கிறதா?" வந்தவர் குழம்பிப்போனார். "நான் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன்க்கா. 'ஞாயித்துக்கிழமை ஆனா வீட்ல ஒத்தையா உக்காந்திருக்க முடியல, அவகூடப் போகணும், அவகிட்டயே கத்துக்குடுன்னு கேக்க வெக்கமா இருக்கு, நீங்க அவ வண்டியிலயே ஓட்டக் கத்துக்குடுங்க'ன்னு சார் ஒரு மாசமா என் உயிரை எடுக்கிறார்!"

கணவர் காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. அவர் அவளைப் பார்க்காமல் எஞ்சினிடம் சொன்னார்: "சீக்கிரமே கத்துப்பேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறேன்... நீ சும்மா உக்காந்து வந்தாப் போதும்."

அவர் கையில் வளைந்து கிடந்த அளவுத் தகட்டை அவள் வாங்கினாள். துடைத்தாள். மீண்டும் துடைத்தாள்.

"எஞ்சின் ஆறட்டும். காலையில நானே சரி பண்ணி வைக்கிறேன். ஓட்டவும் நானே கத்துத் தர்றேன். சனிக்கிழமை எங்க வேணும்னாலும் ஓட்டிட்டுப் போங்க, பக்கத்துல உக்காந்து வர்றேன்," என்றாள் மெல்ல. "ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாங்க."