வெட்டுக்கோட்டுக்கு வெளியே

அன்பு மிகுந்த மைத்துனருக்கு,

இங்கு நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாக இருந்து இதைச் சிரிக்காமல் படிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்காவின் முதல் கவிதைப் புத்தகத்தை நானே வடிவமைக்கிறேன் என்றதற்கு, "அத்தான், உங்களுக்கு எதுக்கு இந்த வீண் வேலை, என்கிட்ட குடுங்க, என் கம்ப்யூட்டர்ல முடிச்சுத் தர்றேன்" என்றாய். கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளியவனுக்கு ஓரம் விடத் தெரியாதா? நோட்டில் இடது ஓரம் விடாத பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். அதே கண்டிப்போடு புத்தகத்தின் எல்லாப் பக்கத்திலும் இடது ஓரத்தைத் தாராளமாக விட்டு, வலது ஓரத்தைக் கஞ்சத்தனமாக வைத்தேன். மாதிரிப் பிரதி வந்தது. விரித்தால் வலப்பக்கமெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இடப்பக்கத்திலோ வரிகளின் வால் முழுக்க நடுவே பசை போட்ட மடிப்புக்குள் புகுந்துகொண்டது. "என் கணவர் நல்லவர் இல்லையென்றால் நம்பமாட்டேன்" என்று அவள் எழுதிய வரி, "இல்லை"யோடு நின்றுவிட்டது. பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இதுவும் சரியாத்தான் இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்புக்கும் ஆபீஸுக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் எல்லாம் உட்கார்ந்து அவள் எழுதிய புத்தகம், என்னால் கெட்டுப்போனது என்ற பேச்சு வரக்கூடாது. விடுவேனா? இடப்பக்கத்துக்கு வலது ஓரம், வலப்பக்கத்துக்கு இடது ஓரம் என்று, மடிப்பு இருக்கும் பக்கமாகப் பார்த்து அத்தனையையும் அகலமாக்கினேன்.

அத்தோடு தொலைந்ததா? அட்டையில் கடல் படம். அச்சகக்காரர் போன் செய்து, "சார், படம் வெட்டுற கோட்டோட நின்னுடுச்சு. கத்தி துளி நகர்ந்தாலும் ஓரத்துல வெள்ளையாத் தெரியும். நாலு பக்கமும் மூணு மில்லிமீட்டர் தாண்டி விடுங்க, வெட்டும்போது அது போயிடும்" என்றார். கோட்டைத் தாண்டு என்று என்னிடமே ஒருவர் சொல்கிறார்! மனதைக் கல்லாக்கிக்கொண்டு தாண்டினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. முன்னட்டையில் கடலோடு சேர்த்து, கீழே இருந்த எழுத்தையும் கோட்டைத் தாண்டி இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. ஆகவே உன் உதவி இப்போதும் வேண்டாம், இனியும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினால் போதும்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உன் கம்ப்யூட்டரையும் நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
யார் தயவும் வேண்டாத
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. கடல் பிரமாதம், ஓரத்தில் பொட்டு வெள்ளை இல்லை. கீழ் ஓரத்தில் இருந்த உன் அக்கா பெயரைத்தான் கத்தி கொண்டுபோய்விட்டது. இப்போது அட்டையில் இருக்கும் ஒரே பெயர், பின்பக்கம் நட்டநடுவில் "வடிவமைப்பு" என்று நான் போட்டுக்கொண்ட என் பெயர். தபாலுக்கு நேரமில்லை, இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அவள் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டாளாம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வாடா மாப்ளே!