திறக்கக்கூடாத வடக்கு வாசல்

செம்மறியாட்டின் தலை வடக்கு வாசலின் இரும்புக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. உடம்பு வெளியே, சாலையில் நின்றது.

"இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு நிமிஷம்," என்றார் கிளெமென்ட். தார்ன்பி மாளிகையின் காவலர் அவர்.

"ஏங்க, கதவைத் திறந்துடாதீங்க. நம்ம குடியிருப்பு போயிடும்," என்றாள் அவர் மனைவி ஹெட்டி.

முந்நூறு வருடங்களுக்கு முன் இந்த வீட்டு மகன் போருக்குப் போனது இந்த வாசல் வழியாகத்தான். அவன் திரும்பும்வரை திறக்கக்கூடாது என்று தகப்பன் பூட்டிவிட்டார். மகன் திரும்பவே இல்லை. இன்றைய எஜமானி அரமிண்டா சீமாட்டி அதில் படு கண்டிப்பு. திறக்கிற காவலன் அன்றைக்கே வாசலோர வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

கிளெமென்ட் ஆட்டின் கழுத்தில் சமையல் எண்ணெய் பூசினார். ஆடு வழுக்கிக்கொண்டு தோள்வரை உள்ளே வந்துவிட்டது.

"இப்ப நல்லா சிக்கிருச்சு."

"பாதி வேலை முடிஞ்சுதுன்னு சொல்லு, ஹெட்டி."

கடப்பாரையால் கம்பியை நெம்பினார். கம்பி அசையவில்லை. பூட்டுதான் உடைந்து விழுந்தது. முனகல்கூட இல்லாமல் கதவு திறந்துகொண்டது.

"பாத்தியா, நம்ம எண்ணெயோட மகிமை!"

மிரண்ட ஆடு கதவோடு பின்னால் இழுத்தது. மேல் கீல் மதிலைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது, கூடவே ஒரு வண்டிக் கல்லும். தலை விடுபட்டதும் ஆடு சீமாட்டியின் ரோஜாத் தோட்டத்துக்குள் பாய்ந்தது.

"எப்படி, ஆட்டை வெளிய எடுத்துட்டேனா?"

"உள்ள போயிருச்சுங்க."

சரிந்த கற்களைக் கிளெமென்ட் நம்பிக்கையோடு அடுக்கினார். ஒரு கல்லைச் செருகினால் இரண்டு கல் விழுந்தது.

கையில் மொட்டையான ரோஜாக் கிளையோடு சீமாட்டி வந்து நின்றார். மதிலிலிருந்து இன்னொரு கல் விழுந்தது.

"முந்நூறு வருஷம், கிளெமென்ட். எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட இந்த வாசலைத் தாண்டினதில்ல. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு."

ஹெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளெமென்ட் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

அப்போது ஆட்டைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரர் நோரிஸ் வந்தார். போன வருடம்தான் ஊருக்கு வந்து எதிர்ப்பக்கத்து மதுக்கடையை நடத்துகிறவர். உடைந்த பூட்டைக் கையிலெடுத்து வருத்தத்தோடு பார்த்தார்.

"அடப்பாவமே, இதை ஏன்யா உடைச்சே? மேடம்கிட்ட சாவி கேட்டிருக்கலாம்ல, தினம் ராத்திரி இதைத் திறந்துகிட்டுத்தானே நம்ம கடைக்கு வர்றாங்க!"