உட்காராத நாற்காலியில் கறை

காலையில் நாற்காலியைப் பார்த்ததும் தலைமை எழுத்தர் இரண்டடி பின்வாங்கினாள். இன்னும் அவள் உட்காரவே இல்லை. மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

நேற்றுச் சாயங்காலம்தான் தன் கறை பட்ட நாற்காலியை ரெக்கார்டு ரூமுக்குத் தள்ளிவிட்டு, அங்கே கிடந்த சுத்தமானதைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். நீல மெத்தை, சக்கரக் கால். ஆபீசில் எல்லா நாற்காலியும் ஒரே அச்சு.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நாலு மாசம் நின்னிருந்ததுக்கா. இப்ப மூணு வாரமா கொட்டுது."

"ஐம்பது வயசுல அப்படித்தான்டி. அணையப்போற விளக்கு."

"படி ஏறினா கண்ணு இருட்டுது."

"அப்ப டாக்டரைப் பாரு."

"பாத்து, பெருசா ஏதாவது சொல்லிட்டா?"

அந்தப் பயம்தான் அவளை முதலில் பிடித்த பேய். நாற்காலிப் பேய் அதற்குப் பிறகு வந்தது.

அன்று சாயங்காலமும் மாற்றினாள். இம்முறை புத்திசாலித்தனமாக, புது நாற்காலிக்கு அடியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. மறுநாள் கறை இருந்தது, குறி இல்லை.

நைசாகக் காவலாளியிடம் விசாரித்தாள்.

"எல்லாரும் போனப்புறம் மாடியில சக்கரம் உருள்ற சத்தம் கேக்குதுக்கா."

"மேல போய்ப் பாத்தீங்களா?"

"நான் கேட்டுக்கு வெளிய போய்ப் பாத்தேன்."

விசாரித்தது வினையாயிற்று. மதியத்துக்குள் செய்தி பரவி, பாதி ஆபீஸ் நின்றுகொண்டே வேலை பார்த்தது. மேனேஜரம்மா அறையைவிட்டு வெளியே வந்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"பேயாவது பிசாசாவது! உக்காருங்க எல்லாரும்!" என்றாள், அவளும் நின்றுகொண்டே.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தலைமை எழுத்தருக்குச் சிவந்ததெல்லாம். சாயங்காலம் படியிறங்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கூட்டித் துடைக்கும் அம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"அந்த நாற்காலிதாங்க என் ரத்தத்தை உறிஞ்சுது," என்று அழுதாள். "இதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாங்க?"

அந்த அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"நீங்க மாத்தி வைக்கிற நல்ல நாற்காலியை, நீங்க போனதும் மேனேஜரம்மா எடுத்துக்கிட்டு, அவங்களுதைத் தள்ளிட்டு வந்து உங்க இடத்துல போடறாங்கம்மா. அவங்களுக்கும் உங்களை மாதிரியேதான். டாக்டர்கிட்டத் தனியாப் போக பயமா இருக்குன்னு உங்களுக்காகக் கீழ கார்ல உக்காந்திருக்காங்க, எந்திரிங்க."